இக்ஸாஸர்பேட்: கெட்டதை இன்னும் கெடுக்கும் வினைச்சொல்லைக் கையாளும் முறை

ஏற்கெனவே மோசமாக இருக்கும் ஒன்றை இன்னும் மோசமாக்குவதற்கு ஆங்கிலத்தில் இக்ஸாஸர்பேட் என்று ஒரு வினைச்சொல் உண்டு. இந்த விளக்கத்தின் உயிர் 'ஏற்கெனவே' என்ற சொல்லில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'மோசமாக்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தாம் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்கிறோமே, அதுதான் இந்தச் சொல். புண் முன்பே இருக்கிறது, வேல் பிறகு வருகிறது. புண்ணே இல்லாத இடத்தில் இக்ஸாஸர்பேட்டுக்கு வேலை கிடையாது.

ஆகவே எழுதத் தொடங்குமுன் இரண்டைக் கண்டுபிடியுங்கள்: முன்பே இருந்த கேடு எது, அதைக் கூட்டியது எது? இரண்டில் ஒன்று கிடைக்கவில்லை என்றால் வேறு சொல்லுக்குப் போய்விடுவது நல்லது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு எளிதாக விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்று. ஜார்ஜ்டவுனில் கனமழை கொட்டுகிறது, தாழ்வான சாலைகளில் நீர் ஏறுகிறது. அதே நேரத்தில் கடலும் ஏற்றமாக இருந்தால், வடிகால் நீர் கடலுக்குள் இறங்க வழியின்றித் தேங்கி நிற்கும். வெள்ளம் வடிய இன்னும் பல மணி நேரமாகும். இங்கே வெள்ளத்தை உண்டாக்கியது மழை, அதை மோசமாக்கியது கடலேற்றம். ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்: "ஹெவி ரெய்ன் காஸ்ட் தி ஃப்ளட், அண்ட் தி ஹை டைட் இக்ஸாஸர்பேட்டட் இட்." கடல் ஏறியதே வெள்ளத்துக்குக் காரணம் என்று சொல்ல வந்தால் இரண்டாவது பாதியில் இக்ஸாஸர்பேட் வராது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

உச்சரிப்பும் எழுத்துக்கூட்டலும்

நான்கு அசை: இக், ஸா, ஸர், பேட். அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும். முதல் அசையில் அழுத்தி 'எக்ஸசர்பேட்' என்று சொன்னால் கேட்பவருக்கு ஒரு கணம் பிடிபடாது. எக்ஸாம் என்ற சொல்லை ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் 'இக்ஸாம்' என்று குரலை அதிரவிட்டுச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே தொடக்கம்தான் இதற்கும். நடுவில் வரும் சி எழுத்துக்குப் பின்னால் ஈ இருப்பதால் அதை ஸ ஒலியாகத்தான் சொல்ல வேண்டும், க ஒலியாக அன்று. பெயர்ச்சொல்லான இக்ஸாஸர்பேஷனில் அழுத்தம் 'பே' என்ற அசைக்கு நகர்ந்துவிடும்.

எழுத்துக்கூட்டலுக்கு இதை மூன்று துண்டாக உடையுங்கள். முதல் துண்டு எக்ஸாம் என்பதன் முதல் மூன்று எழுத்து. இரண்டாவது துண்டு வினைச்சொல்லைக் குறிக்கும் வெர்ப் என்ற சொல். அதன் முதலெழுத்தான வி-யை எடுத்துவிட்டு சி போட வேண்டும். மூன்றாவது துண்டு ஏ, டி, ஈ. மொத்தம் பத்து எழுத்து. மாணவர்கள் சியையும் ஆரையும் இடம் மாற்றுவது வழக்கமான பிழை. வெர்ப் என்ற சொல்லை நினைத்தால் ஆர் எங்கே நிற்கும் என்பதில் குழப்பம் வராது. எட் விகுதியோ இங் விகுதியோ சேர்க்கும்போது கடைசி ஈயைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இறந்தகாலத்தில் டி மட்டும் சேரும், இங் சேரும்போது ஈ விழுந்துவிடும்.

இதற்கு ஓர் இரட்டைப் பிறவி போன்ற சொல் உண்டு: இக்ஸாஸ்பரேட். ஒருவரைப் பொறுமையின் எல்லைக்குத் தள்ளி எரிச்சலூட்டுவது அதன் பொருள். எழுத்திலும் ஒலியிலும் நெருக்கமாக இருப்பதால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் மாற்றிப் போடுகிறார்கள். நிலைமையை மோசமாக்கும் சொல்லில் இருப்பது பட்டர்வொர்த்தின் ஆங்கில முதலெழுத்து (B). ஆளை எரிச்சலூட்டும் சொல்லில் இருப்பது பினாங்கின் ஆங்கில முதலெழுத்து (P). எழுதி முடித்ததும், வினைக்கு ஆளாவது மனிதரா சிக்கலா என்று பாருங்கள். மனிதர் என்றால் பினாங்கு, சிக்கல் என்றால் பட்டர்வொர்த்.

சொல்லின் வேரும் கொஞ்சம் உதவும். லத்தீனில் அசெர்புஸ் என்றால் கசப்பானது, துவர்ப்பானது, பழுக்காத காயின் கடுஞ்சுவை கொண்டது. முன்னால் உள்ள எக்ஸ் அதை அழுத்திச் சொல்லும் முன்னொட்டு. 17ஆம் நூற்றாண்டில் வினைச்சொல்லாக ஆங்கிலத்துக்குள் வந்தது. கடுமையாக இருப்பதை இன்னும் கடுமையாக்குவது என்ற பழைய பொருள் இன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாக்கியத்தில் எங்கே நிற்கும்

தமிழ்ப்பள்ளியில் படித்த செயப்படுபொருள் குன்றா வினையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நிலைமை மோசமாகிறது என்பது வேறு, வதந்தி நிலைமையை மோசமாக்குகிறது என்பது வேறு. இக்ஸாஸர்பேட் இரண்டாவது வகை. எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருந்தே ஆக வேண்டும். "தி சிச்சுவேஷன் இக்ஸாஸர்பேட்டட்" என்று நிறுத்தினால் வாக்கியம் முடியவில்லை. 'நிலைமை மோசமாக்கியது' என்று தமிழில் யாரும் எழுதமாட்டோம்; அங்கே உறுத்துவதுதான் இங்கேயும் உறுத்துகிறது. தானாக மோசமாவதைச் சொல்ல வொர்ஸன் இருக்கிறது.

பயன்பாட்டில் மிகுதியாக வருவது செயப்பாட்டு வினை. "தி ஷார்ட்டேஜ் வாஸ் இக்ஸாஸர்பேட்டட் பை எ பர்ஸ்ட் பைப்." தண்ணீர்த் தட்டுப்பாடு முன்பே இருந்தது, குழாய் வெடித்ததால் கூடியது. அறிக்கை எழுதுவோர் இந்த அமைப்பை விரும்புவதற்கு நல்ல காரணம் உண்டு. சிக்கலை முன்னால் வைத்து, காரணியைப் பின்னால் வைக்கலாம். ஆளின் பெயரைச் சொல்லாமலும் முடிக்கலாம். இங்கே பை என்ற சொல்தான் வரும். பிகாஸ் ஆஃப், வித், ஃப்ரம் ஆகியவை ஒட்டா.

இன்னொன்று, வாக்கியத்தின் கடைசியில் காற்புள்ளி போட்டு இங் வடிவத்தில் ஒட்டுவது: "டூ டெக்னீஷியன்ஸ் ரிசைன்ட், இக்ஸாஸர்பேட்டிங் தி பேக்லாக்." இரண்டு தொழில்நுட்பர் விலகினர், அதனால் தேங்கிக் கிடந்த வேலை இன்னும் தேங்கியது. எழுதவும் படிக்கவும் சுகமான அமைப்பு. முன்னால் உள்ள முழுச் செய்தியும் காரணியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுவாயாக மனிதரைப் போடலாமா? போடலாம். ஆனால் அவர் என்ன செய்து மோசமாக்கினார் என்பதையும் சேர்த்தால்தான் வாக்கியம் நிற்கும்: "ஹி இக்ஸாஸர்பேட்டட் தி டிஸ்ப்யூட் பை போஸ்டிங் இட் ஆன் ஃபேஸ்புக்." வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டு இந்தச் சொல்லுக்குள் இல்லை. தெரியாமல் செய்ததற்கும் இதே சொல்தான்.

துணையாக வரும் சொற்களில் ஒன்லி மிகப் பயனுள்ளது. "இட் வில் ஒன்லி இக்ஸாஸர்பேட் தி ப்ராப்ளம்" என்றால் தீர்க்கப்போய்ச் சிக்கலைக் கூட்டத்தான் செய்யும் என்ற எச்சரிக்கை. கிரேட்லி, சிக்னிஃபிகன்ட்லி, சிவியர்லி ஆகியவையும் வினைக்கு முன்னால் இயல்பாக நிற்கும். ஃபர்தர் பற்றி இரு கருத்து உண்டு. இன்னும் என்பது வினைக்குள்ளேயே இருப்பதால் ஃபர்தர் மிகை என்கிறார்கள் கறாரான பதிப்பாசிரியர்கள். ஒருமுறை மோசமானது மறுபடி மோசமாக்கப்பட்டால் ஃபர்தருக்கு நியாயம் உண்டு, மற்ற இடத்தில் விட்டுவிடுவதே அழகு. மோர், வொர்ஸ் இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

எந்தப் பெயர்ச்சொல் சேரும், எது சேராது

தேர்விலும் அலுவலகத்திலும் மிகுதியான பிழை நடப்பது இங்கேதான். இலக்கணம் சரியாக இருக்கும், சேர்த்த பெயர்ச்சொல் தவறாக இருக்கும்.

கேட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோடு மட்டுமே இக்ஸாஸர்பேட் சேரும். ப்ராப்ளம், பெய்ன், ஷார்ட்டேஜ், டென்ஷன், டிலே, கன்ஜெஷன், கான்ஃப்ளிக்ட், இனிக்வாலிட்டி, சிம்ப்டம்ஸ் எல்லாம் தயங்காமல் சேரும். ஹெல்த், குவாலிட்டி, ரெப்யூட்டேஷன், ட்ரஸ்ட், ரிலேஷன்ஷிப் ஆகியவை நன்மைகள். அவற்றைக் கெடுக்க முடியுமே தவிர இக்ஸாஸர்பேட் செய்ய முடியாது. உடல்நலத்துக்கு டேமேஜ், நம்பிக்கைக்கு அண்டர்மைன் அல்லது எரோட், பார்வைக்கும் செவிக்கும் இம்பேர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. ஸ்மோக்கிங் டேமேஜஸ் ஹெல்த், ஆனால் ஸ்மோக்கிங் இக்ஸாஸர்பேட்ஸ் ஆஸ்மா.

நடுநிலையான சில சொற்கள் நுணுக்கமானவை. சிச்சுவேஷன், மேட்டர்ஸ் இரண்டும் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. நிலைமை சரியில்லை என்பது முந்தைய வாக்கியத்திலேயே தெரிந்திருந்தால் அவற்றை இக்ஸாஸர்பேட்டோடு சேர்க்கலாம். முதல் வாக்கியத்திலேயே திடீரென்று எழுதினால் என்ன நிலைமை என்று படிப்பவர் விழிப்பார். கண்டிஷன் என்பதற்கு மருத்துவத்தில் நோய் என்ற பொருள் இருப்பதால், நோயாளியின் கண்டிஷன் சேரும். காரின் கண்டிஷன், வீட்டின் கண்டிஷன் சேரா. விலை, வெப்பநிலை, மழை போன்ற அளவுச் சொற்களும் அப்படியே தனியாக வாரா. ப்ரைஸ் என்று எழுதாமல் ப்ரைஸ் இன்க்ரீஸ் அல்லது இன்ஃப்ளேஷன் என்று எழுதுங்கள். டிராஃபிக் என்று மொட்டையாக விடாமல் டிராஃபிக் கன்ஜெஷன் என்று முடியுங்கள். மகிழ்ச்சியையோ ஆர்வத்தையோ கூட்டுவதற்கு இந்தச் சொல்லை எடுக்கவே கூடாது. இன்டென்சிஃபை, ஹைட்டன் அதற்கு உரியவை.

மலாய் தெரிந்த நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. வாக்கியத்தை ஒருமுறை மனத்துக்குள் மலாயில் சொல்லிப் பாருங்கள். மெம்புருக்கான் லாகி என்று இயல்பாக வந்தால் இக்ஸாஸர்பேட் பெரும்பாலும் பொருந்தும், ஏனென்றால் அந்த 'லாகி' ஏற்கெனவே புருக்காக இருந்ததை உணர்த்திவிடுகிறது. மெஞ்ஜெஜாஸ்கான் என்று வந்தால் பொருந்தாது. மெஞ்ஜெஜாஸ்கான் கெசிஹாத்தான் என்கிறோம். உடல்நலம் நல்ல பொருள், அங்கே அஃபெக்ட் அல்லது டேமேஜ்தான் வர வேண்டும். பெர்தம்பா புரூக் என்று வந்தால் அது தானாக மோசமாவது, வொர்ஸன் போடுங்கள். தமிழில் மோசமாகு, மோசமாக்கு என்ற ஓரெழுத்து வேறுபாடு அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். மலாயில் முன்னொட்டே மாறுவதால் தப்பாது.

உண்டாக்கியதா, கூட்டியதா

கட்டுரையில் சொல்லைத் தவறாகப் போட்டால் புள்ளி குறையும். கடிதத்தில் தவறாகப் போட்டால் பொறுப்பே இடம் மாறிவிடும். காஸ்ட் (உண்டாக்கியது) என்பதற்கும் இக்ஸாஸர்பேட்டட் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நடைக்கான தேர்வு என்று நினைக்காதீர்கள். இரண்டாவதை எழுதியவர், சிக்கல் முன்பே இருந்தது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்.

பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்யுங்கள். மேல்மாடியில் குளியலறையை உடைத்துப் புதுப்பிக்கிறார்கள், கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டுகிறது. கீழ்வீட்டுக்காரர், அடுக்குமாடியைப் பராமரிக்கும் கூட்டு மேலாண்மைக் குழுவான ஜே.எம்.பி.க்கு எழுதுகிறார்: "தி ரெனவேஷன் இக்ஸாஸர்பேட்டட் தி லீக்." புதுப்பிப்புக்கு முன்னர் ஒரு சொட்டுக் கசிவும் இல்லையென்றால், இந்த வாக்கியத்தால் அவர் தன் வழக்கைத் தானே பலவீனமாக்குகிறார். பழைய கசிவு இருந்ததாமே என்று மறுதரப்பு பிடித்துக்கொள்ளும். மாடிகளுக்கிடையே ஏற்படும் கசிவுக்கு மேல்மாடி வீட்டையே முதலில் காரணமாகக் கொள்கிறது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா மேலாண்மைச் சட்டம். அப்படியில்லை என்று நிரூபிக்க இடமும் தருகிறது. சட்டம் தரும் அந்த வலுவைக் கீழ்வீட்டுக்காரர் ஒரு வினைச்சொல்லால் குறைத்துக்கொள்ள வேண்டாமே. அவர் எழுத வேண்டியது காஸ்ட். சென்ற ஆண்டே இலேசான கசிவு இருந்து, புதுப்பிப்புக்குப் பின் அது ஒழுக்காகிவிட்டது என்றால் இக்ஸாஸர்பேட்டட் நேர்மையான சொல். அப்போதும் பழைய நிலை, புதிய நிலை இரண்டையும் தேதியோடும் படத்தோடும் அடுத்த வரியில் எழுதுங்கள்.

காப்புறுதிப் படிவத்திலும் இதே கவனம் தேவை. விபத்தால் முதுகுவலி கூடியது என்று எழுதினால், வலி முன்பே இருந்தது என்று பொருள். உண்மை அதுதான் என்றால் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். விபத்துக்குப் பின்தான் வலியே தொடங்கியது என்றால் அந்தச் சொல் உண்மைக்குப் புறம்பானது, நஷ்டமும் உங்களுக்கே.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் தரப்பிரிவில் இருப்பவர்களுக்கு, சிக்கலை எட்டுப் படிகளில் ஆராயும் எட்டு டி அறிக்கை பழகிய ஒன்று. அதில் நான்காம் டி மூலகாரணத்துக்கு உரியது. மூலகாரண வரியில் இக்ஸாஸர்பேட்டட் வந்தால் வாடிக்கையாளர் உடனே கேட்பார்: அப்படியானால் மூலகாரணம் என்ன? சாலிடர் பேஸ்ட்டின் காலாவதியால் ஒட்டு பிடிக்கவில்லை, அறையின் ஈரப்பதம் அதைக் கூட்டியது என்று வைத்துக்கொள்வோம். காலாவதியை காஸ்ட் என்ற வினையோடும், ஈரப்பதத்தைத் துணைக்காரணியாக இக்ஸாஸர்பேட்டட் என்ற வினையோடும் தனித்தனி வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் அடைத்தால் எது எதைச் செய்தது என்பது மங்கிவிடும்.

மருத்துவமனையில் இந்தச் சொல்

மலேசிய மருத்துவமனைக் குறிப்புகளில் ஏ.இ.பி.ஏ. என்று நான்கு எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்யூட் இக்ஸாஸர்பேஷன் ஆஃப் பிராங்கியல் ஆஸ்மா என்பதன் சுருக்கம் அது. அக்யூட் என்பதைக் கடுமையான என்று மொழிபெயர்ப்பது பொதுவான பிழை. திடீரென்று தொடங்கியது என்பதே சரி. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.க்கும் இதே சொற்றொடர் வருகிறது.

மருத்துவர் இக்ஸாஸர்பேஷன் என்று எழுதும்போது, இருந்துகொண்டிருக்கும் நோய் ஒரு தூண்டுதலால் திடீரெனத் தீவிரமாகியிருக்கிறது, சிகிச்சையில் தணிய வாய்ப்புண்டு என்று சொல்கிறார். சளிக்காய்ச்சல், புகை, மருந்தை விட்டுவிடுதல் எல்லாம் தூண்டுதலாகலாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நலமற்ற நிலை என்பது நம் நாட்டு வகைப்பாடு. புகைமூட்ட நாள்களில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடுவது இதனால்தான். "தி ஹேஸ் இக்ஸாஸர்பேட்டட் ஹர் ஆஸ்மா" என்பது மிகச் சரியான வாக்கியம். "தி ஹேஸ் இக்ஸாஸர்பேட்டட் ஹர் லங்ஸ்" தவறு, நுரையீரல் ஒரு நோய் இல்லையே.

பாட்டிக்கோ அப்பாவுக்கோ மொழிபெயர்த்துச் சொல்லும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இக்ஸாஸர்பேஷன் என்பதை 'நோய் முத்திப்போச்சாம்' என்று சொல்லிவிடாதீர்கள். தமிழில் முற்றுதல் என்பது திரும்பிவர முடியாத கட்டத்தைக் காட்டும், கேட்பவர் கலங்கிவிடுவார். 'பாட்டி, இருந்த இளைப்பு திடீர்னு கூடிருச்சு, மருந்து குடுத்தா தணியும்னு டாக்டர் சொல்றாரு' என்பது மருத்துவர் சொன்னதற்கு நெருக்கமானது. நோயாளியிடம் பேசும்போது மருத்துவர்களே இந்தப் பெரிய சொல்லைத் தவிர்த்து ஃப்ளேர்-அப் என்பதுண்டு.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

அக்ரவேட் மிக நெருங்கியது. லத்தீனில் பாரமாக்குதல் என்ற வேரிலிருந்து வந்தது. காயம், தசைப்பிடிப்பு, மூட்டுவலி ஆகியவற்றுக்கு இதுவே இயல்பு. பாட்மிண்டன் ஆடப்போய்ப் பழைய முழங்கால் காயத்தைக் கிளப்பிவிட்டவர் அக்ரவேட்டட் என்றுதான் சொல்வார். நீதிமன்றத்தில் தண்டனையைக் கூட்டும் காரணிகள் அக்ரவேட்டிங் ஃபேக்டர்ஸ், குறைக்கும் காரணிகள் மிட்டிகேட்டிங் ஃபேக்டர்ஸ். இந்த இணைச்சொற்களை மாற்றி எழுத இடமில்லை. பேச்சு வழக்கில் எரிச்சலூட்டு என்ற பொருளும் அக்ரவேட்டுக்கு உண்டு. அதை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் முறையான எழுத்தில் தவிருங்கள்.

வொர்ஸன் எல்லா இடத்துக்கும் பொருந்தும், தானாக மோசமாவதற்கும் ஒன்றை மோசமாக்குவதற்கும். சந்தேகம் வந்தால் இதைப் போட்டுவிடுங்கள், ஒருபோதும் கைவிடாது. டிட்டீரியரேட் தானாகச் சீர்கெடுவது. நல்லதாகவோ நடுத்தரமாகவோ இருந்தது படிப்படியாகக் கீழிறங்குவதைச் சொல்லும்: உடல்நலம், பார்வை, வானிலை, இரு தரப்பு உறவு, பழைய கடைவீட்டின் சுவர். இக்ஸாஸர்பேட்டால் முடியாத இடங்களை இது நிரப்புகிறது என்பதைக் கவனியுங்கள்.

கம்பவுண்ட் ஒரு கேட்டின் மேல் இன்னொரு கேடு வந்து ஏறுவது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்கிறோமே, அதற்கு இதுதான் சொல். வேலை போன மாதத்திலேயே வாடகையும் ஏறினால் "ஹிஸ் ஜாப் லாஸ் வாஸ் கம்பவுண்டட் பை எ ரென்ட் இன்க்ரீஸ்." வினையாகச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் வர வேண்டும். முதல் அசையில் அழுத்தினால் வீட்டுக் காம்பவுண்டோ, நகராண்மை எழுதிக்கொடுக்கும் அபராதக் கொம்பாவுனோதான் நம் ஊர்க்காரர் நினைவுக்கு வரும்.

எஸ்கலேட் சச்சரவு படிப்படியாக மூண்டு வளர்வதைக் குறிக்கும். ஆனால் கோலாலம்பூர், பினாங்கு சேவை மையங்களில் எஸ்கலேட் என்றால் புகாரை மேலதிகாரிக்கு அனுப்புவது. "ஐ வில் எஸ்கலேட் யுவர் இஷ்யூ" என்று வந்த பதிலைப் படித்து, சிக்கலைப் பெரிதாக்கப்போகிறார் என்று பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் அங்கே வேலை செய்பவரானால், மோசமாகும் என்று சொல்ல வரும் இடத்தில் எஸ்கலேட்டை எடுக்காதீர்கள். படிப்பவர் வேறாகப் புரிந்துகொள்வார்.

எதிர்ச்சொல் தேவைப்பட்டால் ஈஸ், ரிலீவ், அலீவியேட் மூன்றும் வலிக்கும் தட்டுப்பாட்டுக்கும் பொருந்தும். மிட்டிகேட் பாதிப்பைக் குறைப்பது.

எப்போது தவிர்ப்பது

இது எழுத்து நடைக்கு உரிய கனமான சொல். அறிக்கை, புகார்க் கடிதம், தேர்வுக் கட்டுரை, மருத்துவக் குறிப்பு ஆகியவற்றில் பொருத்தமாக உட்காரும். வாட்ஸ்அப்பில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதும்போது மேக் இட் வொர்ஸ் போதும். அங்கே இக்ஸாஸர்பேட் விறைப்பாகத் தெரியும். பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் ஆங்கிலத் தேர்வான மூவெட்டின் நீண்ட கட்டுரைக்கு 250 சொல்லாவது வேண்டும். அந்த அளவுக்கு இதை ஒருமுறை சரியான இடத்தில் வைத்தால் போதும். மூன்று முறை வந்தால் மனப்பாடம் செய்த சொல் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த இடங்களில் வொர்ஸன், கம்பவுண்ட் என்று மாற்றுங்கள், அதுவும் பொருள் பொருந்தினால் மட்டும்.

மேலதிகாரிக்கோ ஜே.எம்.பி. தலைவருக்கோ எழுதும்போது "யூ இக்ஸாஸர்பேட்டட்" என்று தொடங்க வேண்டாம், முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். செயலை எழுவாயாக்குங்கள்: "தி டிலே இன் ரிப்ளையிங் ஹேஸ் இக்ஸாஸர்பேட்டட் தி ப்ராப்ளம்." செய்தி அதேதான், மரியாதையும் கெடாது.

திருத்திப் பாருங்கள்

"தி ஜாம் ஆன் தி பிரிட்ஜ் இக்ஸாஸர்பேட்டட் ஆஃப்டர் தி ஆக்ஸிடென்ட்." நெரிசல் எதையும் மோசமாக்கவில்லை, தானாக மோசமானது. வொர்ஸன்ட் என்று மாற்றுங்கள், அல்லது விபத்தை எழுவாயாக்கி, "தி ஆக்ஸிடென்ட் இக்ஸாஸர்பேட்டட் தி ஜாம்" என்று திருப்புங்கள்.

"மை ப்ரதர்ஸ் எக்ஸ்க்யூஸஸ் இக்ஸாஸர்பேட் மீ." ஆள் மேல் போட்டிருக்கிறார்கள், பினாங்கின் எழுத்துள்ள சொல் வேண்டும்.

"தி நியூ சிஸ்டம் மேட் தி டிலே மோர் இக்ஸாஸர்பேட்டட்." மோர், மேட் இரண்டையும் எடுத்துவிட்டு நேரே எழுதினால் சரியாகிவிடும்: "தி நியூ சிஸ்டம் இக்ஸாஸர்பேட்டட் தி டிலே."

"லேட் நைட்ஸ் வில் இக்ஸாஸர்பேட் யுவர் எக்ஸாம் ரிசல்ட்ஸ்." தேர்வு முடிவு கேடு இல்லை; அஃபெக்ட் போடலாம். தலைவலியோ பதற்றமோ முன்பே இருக்கும் மாணவருக்குச் சொல்வதானால் ரிசல்ட்ஸை எடுத்துவிட்டு ஆங்ஸைட்டி என்று மாற்றினால் வினையை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

"ஐ ஃபெல் அட் வொர்க் அண்ட் இட் இக்ஸாஸர்பேட்டட் எ பேக் பெய்ன்." வலிக்கு முன்னால் நிற்கும் 'எ' என்ற சிறு சொல்லைப் பாருங்கள். அது வலியைப் புதிதாக அறிமுகப்படுத்துகிறது, வினையோ வலி பழையது என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. புதிய வலி என்றால் காஸ்ட் என்று எழுதி 'எ' என்பதை அப்படியே விடுங்கள். பழைய வலி என்றால் வினையை அப்படியே வைத்துக்கொண்டு, 'எ' இருந்த இடத்தில் மை எக்ஸிஸ்டிங் என்று எழுதி, வலி எந்த மாதம் தொடங்கியது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.